சிவப்பூரில் சனிக்கிழமைக் கல்யாணம்

ஆண்டர்சன், தென் கரோலினா
ஜூன், செவ்வாய்க்கிழமை

சவானாவில் இருக்கும் அன்புள்ள எர்னஸ்டின் அக்காவுக்கு,

உன் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா? இங்கே நானும் நேடினும் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி, என் மனைவி உப்பை எடுத்துக் கொடு என்பதைக்கூட நாயிடம்தான் சொல்கிறாள். மகள் லாரல் என் போனை எடுப்பதில்லை. அவள் கல்யாணத்துக்கு நான் தேதி குறித்ததுதான் காரணம். நீ சொன்னால் அவள் கேட்பாள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நேடின் என்னை ஏதென்ஸுக்கு அனுப்பினாள். கிரேக்க நாட்டு ஏதென்ஸ் என்று நினைத்து எங்கள் சர்ச்சில் ஒரு அம்மா பாஸ்போர்ட் இருக்கா என்று கேட்டார். நம் ஜார்ஜியா ஏதென்ஸ்தான், லாரல் படித்து, வேலை பார்த்து, மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்ட ஊர். கல்யாணத்துக்கு நல்ல இடமாகப் பார்த்துவிட்டு வாருங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றாள் நேடின். வழக்கம்போல நம் ஃபுட்பால் டீமின் ஆரஞ்சுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். அந்த ஊர் டீமின் நிறம் சிவப்பு, நமக்கு எதிர்க்கட்சி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஃபுட்பால் இல்லாத ஜூன் மாதத்தில் ஒரு தொப்பி யாரை என்ன செய்துவிடும் சொல்லு. ஃபைவ் பாயின்ட்ஸில் ஐந்து சாலையும் ஒன்றாக வந்து முட்டுகிற இடத்தில் எதில் திரும்புவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு காபிக் கடையில் வழி கேட்டேன். அந்தப் பெண் தொப்பியைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், உங்க ஊருக்குத் திரும்பிப் போற வழிதானே கேக்குறீங்க?" என்றாள்.

மாப்பிள்ளை டாப்னி நல்ல பையன்தான், ஆனால் ஊர்ப்பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. முதலில் ஒரு ஓக் மரத்தடிக்குக் கூட்டிப்போனான். அந்த மரம் யாருக்கும் சொந்தமில்லையாம், தனக்குத்தானே சொந்தமாம். எந்தக் காலத்திலோ ஒரு கர்னல் மரத்தின் பேருக்கே நிலத்தை எழுதிவைத்தாராம். அப்பா மரம் புயலில் விழுந்துவிட்டது, இப்போது நிற்பது வாரிசு. "இங்கயே கல்யாணம் வச்சுக்கலாம் மாமா" என்றான். "சரிப்பா, யார்கிட்ட அனுமதி கேக்குறது?" என்றேன். இரண்டு பேரும் மரத்தை அண்ணாந்து பார்த்தோம். தரையும் சரிவு, நாற்காலி போட்டால் உன்னைப் போன்றவர்கள் உருண்டுபோய்த் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது நகர மன்றத்துப் பக்கம் இருக்கும் இரட்டைக்குழல் பீரங்கி, வடக்கு மாநிலங்களோடு சண்டை போட்ட உள்நாட்டுப் போர்க் காலத்தது. இரண்டு குண்டையும் சங்கிலியால் கட்டி ஒன்றாகச் சுடுவது திட்டம். சோதனை பார்த்த அன்று ஒரு மாட்டையும் ஒரு புகைபோக்கியையும் அடித்ததோடு சரியாம், எதிரியைத் தொட்டதே இல்லை. அதையும் பத்திரமாக வடக்கைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் கல்யாண போட்டோ எடுக்கலாம் என்றான். ஜோடியாகப் புறப்பட்டுத் திசைக்கொன்றாய்ப் போன குண்டுக்குப் பக்கத்தில் எந்த மடையனாவது போட்டோ எடுப்பானா? நார்மல்டவுனில் தோட்டத்தோடு ஒரு இடம் பார்த்தோம், அழகுதான், ஆனால் இரண்டு பக்கத்து வீட்டு வராந்தாவிலும் டிரம்ஸ் பழகுகிறார்கள்.

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் தனியாகப் பிரின்ஸ் அவென்யூவில் நடந்தேன். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற, வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய வீடு ஒன்று, பின்னால் புல்வெளி, மக்னோலியா மரங்கள். லாரல் அங்கே நடந்து வருவது என் கண்ணுக்கே தெரிந்தது அக்கா. நிர்வாகி டல்லுலா அம்மாவிடம் அக்டோபரில் சனிக்கிழமை கிடைக்குமா என்றேன். "கிடைக்குமாவா? இந்தாங்க, இதுவும் காலி, அடுத்ததும் காலி. எது வேணும் கண்ணு?" என்றார். நானும் உஷாராகத்தான் இருந்தேன். சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து, நம் ஆரஞ்சுக்கு மேட்ச் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். "உங்க நல்ல மனசுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நம் பக்கத்தில் ஒருவர் இவ்வளவு தேனாகப் பேசினாலே சந்தேகப்பட வேண்டும், சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சம்பந்தி ஹார்லன் ப்ரூயிட் வீட்டில் விருந்து. பொரித்த கோழி, சோள ரொட்டி. நான் எழுந்து நின்று தேதியைச் சொன்னேன். சம்பந்தி கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தார். "அன்னைக்கு எங்க ஊர்ல மேட்ச்" என்றார். பாஸ்டருக்கும் டிக்கெட் இருக்கிறதாம். ஊரில் ஒரு ஓட்டல் அறை கிடையாது, பாதித் தெருவை அடைத்துவிடுவார்கள். நான் நம் டீமின் அட்டவணையை மட்டும் பார்த்திருக்கிறேன்! லாரல் கத்தவில்லை. "ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேம்பா. ஒரே ஒரு தடவை எங்க மேட்ச் எப்பன்னு பாத்திருக்கலாம்ல?" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கோழி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். நேடினுக்குப் போன் செய்தால், "உங்களை அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று வைத்துவிட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

சம்பந்திதான் வழி சொன்னார். "பெரிய மேட்ச், சாயங்காலம்தான் வைப்பாங்க. காலைல பதினோரு மணிக்குக் கல்யாணத்த முடிச்சிடுவோம். ஊரே இங்கதான இருக்கும், கூட்டத்துக்கா பஞ்சம்?" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணு. பொண்ணக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும்போது நீங்க சிவப்பு டை கட்டணும்." லாரலும் சரி என்கிறாளாம்! அக்கா, நம் தபால் பெட்டியே ஆரஞ்சு. எனக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? மகளைக் கொடுக்கிறேன், கழுத்தையும் கொடுக்க முடியாது. நீ லாரலிடம் பேசி, அப்பா எந்த நிறம் கட்டினாலும் அப்பாதான் என்று எடுத்துச் சொல்லு. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உனக்கும் உன் பூனைகளுக்கும் தேவன் குறையொன்றும் வைக்காதிருப்பாராக. மழைக்கு முன் கூரையைச் சரிபார்த்துக்கொள்.

உன் பாசமுள்ள தம்பி,
வெண்டல் க்ராப்ட்ரீ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டிவிக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். மேட்ச் சாயங்காலம் இல்லை, நண்பகல் பன்னிரண்டுக்கு. உடனே சம்பந்திக்குப் போன் போட்டேன். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். அவர் நிதானமாக, "பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். டிக்கெட்ட பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குடுத்துட்டேன். வர்றவங்க வரட்டும், லாரல் இனி எங்க வீட்டுப் பொண்ணு. நீங்களும் உங்க ஆரஞ்சு டையே கட்டிக்குங்க" என்றார். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு மேட்ச் விட்டதில்லை அக்கா. போனை வைத்துவிட்டு மறுபடியும் பேனாவை எடுத்தேன். ஆகையால் லாரலிடம் நீ எதுவும் பேச வேண்டாம். உன் ஊரில் ஒரு சிவப்பு டை வாங்கிக்கொண்டு வா, இங்கே கடையில் போய்க் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். மங்கலான சிவப்பாக எடுத்துவிடாதே. புல்வெளியின் அந்தக் கோடியில் நிற்கும்போதே என் மகளுக்குத் தெரிய வேண்டும்.