செட்டு அக்காவும் கத்தரிப்பூச் சேலையும்

என் முகத்துக்கு எந்தெந்த நிறம் பொருந்தாது என்பதைக் குறைந்த செலவில் ஒவ்வொன்றாக நிரூபித்துக் காட்டியவள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவள் செட்டு அக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அது கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி வந்தபோது, "யாருடி இது, நமக்கு எதுக்குப் பத்திரிகை?" என்று ஹாஸ்டலில் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டோம்.

பெரம்பலூரில் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த லேடீஸ் ஹாஸ்டல் அது. எனக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமம். படிப்பு முடிந்த கையோடு பெரம்பலூரில் தனியார் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து, பெட்டியோடு வந்து இறங்கினேன். வாசலில் எட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே வாடாமல்லிச் சேலை, ஒரே கிளிப்பச்சை பார்டர். ஏதோ நர்ஸிங் காலேஜுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

"எறங்குங்க, இதான். அவங்க எதாச்சும் கல்யாணத்துக்குப் போவாங்க" என்றார் ஆட்டோக்காரர். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. குன்னம் பக்கத்துக்காரி. ஒரு ஸ்கேன் சென்டரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பில் போடுகிற வேலை. ஹாஸ்டலில் யாருக்குக் கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று அழைப்பு வந்தாலும், அக்கா திருச்சிக்கு பஸ் ஏறிவிடுவாள். ஆளுக்கொன்றாக ஒரே மாதிரி சேலை, ஒரு செட்டு, வந்து இறங்கும். அதனால்தான் அவள் செட்டு அக்கா. மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது அவள் கணக்கு. நல்ல விஷயம்தானே என்பீர்கள். ஒரே நிறத்தில் ஒரு டஜன் சேலை எந்தக் கடையில் மிச்சம் இருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம். யாருமே வாங்காத நிறத்தில்தான் இருக்கும். அதைத்தான் நாங்கள் கட்டிக்கொண்டு திரிந்தோம்.

ஒருமுறை அவளோடு கடைக்கும் போனேன். பேரம் பேசுவதில் அப்படி ஒரு முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைக்காரர் விலை சொன்னார். அக்கா தரையைப் பார்த்தபடி, "கொறைங்க" என்றாள். அவர் கொஞ்சம் குறைத்தார். அக்கா வாயே திறக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. புது ஆம்பளையோடு பேச அவளுக்கு வெட்கம். கடைக்காரருக்கு அது தெரியுமா? பாவம், அந்த அம்மா அழுகிறதோ என்று பயந்து அவரே குறைத்துக்கொண்டு போனார். கடைசியில், "எடுத்துட்டுப் போங்கம்மா, ஆள விடுங்க" என்று கும்பிட்டார்.

முதல் சம்பளத்தில் நான் எனக்கென்று ஒரு சுடிதார் எடுத்தேன். கடுகு மஞ்சள், கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்தது. கிராமத்தில் அக்காமாரின் பழைய துணியைப் போட்டே வளர்ந்தவள் நான். எனக்காகவே கடையில் தொங்கி, எனக்காகவே இறங்கி வந்த முதல் துணி அது. அக்கா அதைப் புரட்டிப் பார்த்து, விலைச்சீட்டைக் கண்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்ளோ காசு... ஒரு ஆளுக்கா?"

"ஒரு ஆளுக்குத்தான்க்கா. நான் ஒரு ஆளுதானே!"

"இதுக்கு நாலு பேரு உடுத்திட்டுப் போயிரலாம் புள்ள. அதுவுமில்லாம, இதப் போட்டா எல்லாரும் ஒன்னயவே பாப்பாங்களே?"

"பாக்கட்டும்னுதான்க்கா எடுத்தேன்!"

அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தாள். "தனியா ஒருத்தி நல்லாருந்தா அவள எல்லாரும் பாப்பாங்க. எட்டுப் பேரு ஒரே மாதிரி நின்னா சேலையத்தான் பாப்பாங்க. நம்மள யாரு பாக்கப் போறா? நிம்மதியாப் போனமா, சாப்டமா, வந்தமான்னு இருக்கலாம்."

இந்தத் தத்துவத்தின் பலனைக் குரும்பலூரில் ஒரு கல்யாணத்தில் அனுபவித்தேன். பஞ்சுமிட்டாய் நிறச் சேலையில் நாங்கள் வரிசையாக மண்டபத்துக்குள் நுழைந்ததும், ஒருவர் ஓடி வந்து என் கையில் பன்னீர்ச் செம்பைத் திணித்தார். "ஏம்மா இவ்ளோ லேட்டு? காண்ட்ராக்டர் ஏழு மணின்னுதான சொன்னாரு? போங்க, வாசல்ல நில்லுங்க!" வரவேற்புக்குக் கூலிக்கு அமர்த்திய பெண்கள் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். நானும் முகூர்த்தம் முடியும்வரை ஊரார் தலையில் எல்லாம் பன்னீர் தெளித்தேன். என் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ் தலையிலும் தெளித்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "சம்பளம் பத்தலைன்னா சொல்லலாமேம்மா" என்றார்கள். எனக்கு மானம் போயிற்று. அக்காவோ, "பாத்தியா, மொதப் பந்தியில எடம் குடுத்துட்டாங்க" என்று சந்தோஷமாக இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் வெறும் சிக்கனம் என்றுதான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். அவளைப் பெண் பார்க்க வந்த கதைகளைக் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தால் அக்கா ஒளிந்துகொள்வாள். ஒருதரம் மக்காச்சோள மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்னொருதரம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டவள், வந்தவர்கள் கிளம்பிப் போகும்வரை மூடவில்லை.

எங்கள் பக்கம் திருமழபாடியில் பங்குனி மாதம் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். அக்கா வருஷம் தவறாமல் போவாள், எங்களையும் செட்டுக் கட்ட வைத்து இழுத்துக்கொண்டு. நந்திக்கு வருஷா வருஷம் கல்யாணம் ஆயிற்று. கூடப் போன பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகி ஹாஸ்டலைக் காலி செய்தார்கள். அக்கா மட்டும் அடுத்த செட்டுக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு ஆசையே இல்லையாக்கா?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"ஏன் இல்ல? நெறைய இருக்கு புள்ள" என்றாள், துணி மடித்தபடி. "ஆனா அத்தன பேரும் என்னய மட்டும் பாத்தா மூச்சு முட்டுது. நான் என்னா பண்றது?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளில் அவளுடைய அண்ணன் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். சின்ன வெங்காயம் விற்றுவிட்டு வந்த மனிதர், சட்டையெல்லாம் வெங்காயச் சருகு. என்னைத்தான் கூப்பிட்டார். "டீச்சரு, மாப்ள அரியலூர்ல சிமெண்ட் பாக்டரில எடை மேடை பாக்குறாரு. நல்ல மனுசன். வர்ற ஞாயித்துக்கெழம திருமழபாடி கோயில்ல வெச்சுப் பாக்குறாங்க. இதுவும் கலஞ்சுட்டா இனிமே நான் யாரு வூட்டு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன். எனக்கும் மானம் இருக்குல்லங்க? நீங்கதான் அத எப்படியாச்சும் கொண்டாந்து நிறுத்தணும்" என்றார்.

நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். அக்கா மட்டும் அரக்குப் பட்டு கட்டுவது, கூட வரும் நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பழைய சுடிதாரில் அடக்கமாக நிற்பது என்று முடிவு. அக்காவும் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்து நிற்கிறது. அக்கா கட்டைப்பையோடு என் அறைக்குள் வந்தாள். பையைக் கவிழ்த்தாள். ஐந்து சேலைகள், அத்தனையும் கத்தரிப்பூ நிறம்.

"அடிப்பாவி!" என்று கத்தினேன். வயதில் மூத்தவள் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

"நீங்களும் கட்டுனாத்தான் நான் வருவேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அண்ணன் கீழே நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். வேறு என்ன செய்வது? கட்டித் தொலைத்தோம். என் கடுகு மஞ்சள் சுடிதார் கொடியில் தொங்கி என்னைப் பார்த்துச் சிரித்தது.

கோயில் மண்டபத்தில் ஐந்து கத்தரிப்பூக்களும் வரிசையாக நின்றோம். மாப்பிள்ளை ஓர் ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சுவார்த்தை எல்லாம் அவருடைய அத்தைதான். அந்த அம்மா கையில் மல்லிகைச் சரத்தோடு எங்களை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார்.

"இதுல பொண்ணு யாரு?"

அண்ணன் பதில் சொல்வதற்குள் அக்கா என் முதுகில் கை வைத்து ஒரே தள்ளு. நான் தடுமாறிப்போய் அத்தையின் முன்னால் நின்றேன். "வாம்மா, வெக்கப்படாத" என்று அந்த அம்மா என் தலையில் பூவை வைக்க வந்தார்.

"ஐயோ, நான் இல்லீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பிராகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தூணுக்குப் பின்னால் பாதி போய்விட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அத்தை நல்ல மாதிரி. சங்கடத்தை மறைக்க என் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "சேலை நல்லாருக்கே. என்னா வெல?" என்று கேட்டார். எங்களை ஒன்றுமில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று நான் கௌரவமாக, "ஆயிரத்தி எரநூறுங்க" என்றேன்.

"என்னாது?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆயிரத்தி எரநூறா? எவ சொன்னா? முந்நூத்தி எம்பது! அதுவும் ப்ளவுஸ் துணியோட!" அக்கா வெளியே வந்துவிட்டாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சும்மா சொல்றா. கடையில ஐந்நூறுன்னுதான் ஆரம்பிச்சாங்க. நான்தான் கொறச்சு எடுத்தேன். தொவச்சாலும் சாயம் போவாது, பாருங்க, இந்தாங்க!" என்று தன் முந்தானையை விரித்து அத்தையின் கையில் வைத்தாள். தலை நிமிர்ந்திருந்தது. கோயிலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

அத்தை சிரித்துவிட்டார். மாப்பிள்ளை அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். அதுவும் தரையைப் பார்த்தபடிதான்.

"எங்க ஷிப்டுல எல்லாரும் பொங்கலுக்கு ஒரே மாதிரி சட்டை எடுக்கலாம்னு இருக்கோம். அந்தக் கடை எங்கங்க இருக்கு?"

அக்கா வழி சொன்னாள். பஸ் நம்பர் முதற்கொண்டு சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அத்தை அவள் தலையில் பூவை வைத்துவிட்டார். படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவளைத் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவழைக்கத்தான் நான் விலையைக் கூட்டிச் சொன்னதாக அக்கா இன்றுவரை நம்புகிறாள். அப்படியே நம்பட்டும்.

கல்யாணத்தன்று அவள் மட்டும் தனியாகச் சிவப்புப் பட்டில் மணவறையில் உட்கார வேண்டியிருந்தது. முகம் வெளுத்து, எழுந்து ஓடிவிடுவாள்போல இருந்தது. நாங்கள் முன்வரிசையில் போய் நின்றோம், எல்லோரும் ஒரே ஆரஞ்சு நிறத்தில். அவளுக்குச் சொல்லாமல் நாங்களே திருச்சிக்குப் போய் எடுத்த செட்டு. அக்கா எங்களைக் கண்டுபிடித்தாள். உடனே, மணவறையிலிருந்தே விரலை ஆட்டி, எவ்வளவு என்று கேட்டாள். ஐந்நூறு என்று நான் ஐந்து விரலைக் காட்டினேன். அவள் மாலையோடு தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை குனிந்து என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள். அவரும் உச்சுக் கொட்டினார். தாலி கட்டும்வரை இரண்டு பேரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். என் நிறத்துக்கு எது எடுக்கும் என்று தெரிந்து, பார்த்துப் பார்த்து வாங்குகிறேன். போன மாதம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் பாசிப்பச்சை, அதில் குங்குமக் கலர் புள்ளி. கூடவே போன். "பாப்பாவுக்குக் காதுகுத்து. செட்டுல ஒண்ணு ஒனக்கு. கட்டிட்டு வா புள்ள."

"இதக் கட்டிட்டு நான் பஸ்ல வந்தா ஊரே சிரிக்கும்க்கா! எனக்கு வயசாகலையா? இன்னும் எத்தன வருசத்துக்கு என்னய இப்படிக் கொல்லப் போற?" என்று சண்டை போட்டேன். பிறகு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தேன்.

அரியலூரில் மண்டபம் முழுக்கப் பாசிப்பச்சை. ஆசாரியைக் கண்டதும் அக்காவின் மகள் அலறிக்கொண்டு மாமா மடியிலிருந்து குதித்து ஓடினாள். கூட்டத்துக்குள் புகுந்து, கைக்கு எட்டிய முதல் பச்சைச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது என் சேலை.

"பாப்பா, அது ஒங்கம்மா இல்லடி" என்று யாரோ சிரித்தார்கள்.

குழந்தை அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது. பிறகு சேலையைப் பார்த்தது. பிடியை விடவில்லை. நானும் அந்தக் கர்மம் பிடித்த முந்தானையை இழுத்து அவளைச் சுற்றி நன்றாகப் போர்த்திக்கொண்டேன்.