நக்கோ சார் ‘ஹவ்’ சொன்ன நாள்

ஹைதராபாத் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் நக்கோ சாரைப் போல மறுப்புச் சொல்லத் தெரிந்த மனிதர் கிடைக்கமாட்டார். நாம் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். சில நாள் நாம் வாயைத் திறப்பதற்குள்ளேயே வந்துவிடும்.

பூர்வீகம் திருநெல்வேலி. குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலைக்கு வந்து, ஓய்வும் பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். நெல்லைத் தமிழை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வைத்திருந்தார். ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல்லை மட்டும் இந்த ஊரிடமிருந்து வாங்கிக்கொண்டார். இங்கே உருதுவும் இந்தியும் கலந்து பேசுகிறவர்களுக்கு நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். நக்கோவோடு தன் ஊர் ‘வே’யைச் சேர்த்து அவர் ‘நக்கோவே’ என்று உறுமினால் நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். வாசற்பலகையில் அவருடைய பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை.

நான் குடிவந்த அன்று லிஃப்டுக்குள் என் ஃபிரிட்ஜின் மூக்குதான் நுழைந்திருந்தது.

“நக்கோவே! லிஃப்டு மனுசனுக்குவே. சாமானுக்கு மாடிப்படி இருக்குல்லா?”

“நாலு மாடி சார்...”

“கட்டும்போதே எண்ணித்தான் கட்டியிருக்கான். தூக்கும்.”

தூக்கினோம். இரண்டாவது மாடியில் ஃபிரிட்ஜ் திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தால் ஒரு மூலையைச் சார் பிடித்திருந்தார். நன்றி சொன்னேன். “நக்கோ, மூச்சை வீணாக்காதீரும்” என்றார்.

டாக்டரையும் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். தினமும் நடக்கச் சொன்ன டாக்டரிடம் “நக்கோ” என்று சொல்லிவிட்டு, ஏன் நடக்கமாட்டேன் என்பதை எங்களுக்கு விளக்கிக்கொண்டே கட்டிடத்தை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுவார்.

சட்டைப்பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். ஒரு தடவை ஆபீஸ் பஸ்ஸில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர். அன்றிலிருந்து மிட்டாய் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். எங்கள் வாட்ச்மேன் யாதகிரிக்கு அந்தப் பையின் மேலேயே கண்.

“சார், ஒக்கட்டி?” என்று தெலுங்கில் ஒன்றே ஒன்று கேட்பார்.

“நக்கோ! மிட்டாய் இல்லவே இது, மருந்து. உமக்கு வேணும்னா முதல்ல சுகர் வரட்டும்.”

இந்தக் கேள்வியும் பதிலும் காலை வணக்கம் போலத் தினமும் நடக்கும்.

போன விநாயக சவிதிக்கு, அதாவது நம் பிள்ளையார் சதுர்த்திக்கு வருவோம். எங்கள் அப்பார்ட்மெண்டில் ‘செல்லார்’ என்று சொல்லும் வண்டி நிறுத்துமிடத்தில்தான் பிள்ளையார் வைப்போம். பிள்ளையார் கையில் ஒரு பெரிய லட்டு. கடைசி நாள் ஏலம் போடும்வரை அதை யாரும் தொடக்கூடாது. ஊர்வலத்துக்கு டி.ஜே. வைக்க வேண்டும் என்று அப்பார்ட்மெண்ட் சங்கப் பிரசிடெண்ட் ஒவ்வொரு வருடமும் கேட்பார். நக்கோ சார் ஒவ்வொரு வருடமும் அதை அடித்து நொறுக்குவார். கடைசியில் டப்பு மேளம்தான் வரும்.

முதல் நாள் பூஜைக்கு டப்புக்காரர்கள் வந்திருந்தார்கள். அன்று மத்தியானமும் பிரசிடெண்ட் அந்த விஷயத்தை எடுக்கப்போகிறார் என்று தெரிந்து சார் கீழே வந்து உட்கார்ந்திருந்தார். பூஜை செய்யவந்த பந்துலு அதை இழுத்துக்கொண்டே போனார். ஒரு வழியாக ஆரத்தி முடிந்தது. இந்தத் தடவையாவது வைக்கலாமா என்று பிரசிடெண்ட் தயங்கித் தயங்கித் தெலுங்கில் ஆரம்பித்தார்.

“சார், ஈசாரி டி.ஜே. பெட்டுகுந்தாமா?”

“ஹவ்” என்றார் சார்.

மணியை எடுத்துவைக்கப்போன பந்துலுவின் கை அப்படியே நின்றது. பிரசிடெண்ட் தன் காதை நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். “ஹவ், ஹவ்” என்று சார் சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

அவ்வளவுதான், கூட்டம் மொய்த்துவிட்டது. இரண்டாவது மாடிக்காரர் தன் நாயை லிஃப்டில் கூட்டிப்போகலாமா என்றார். ஹவ். மொட்டைமாடியில் பார்ட்டி வைக்கலாமா? ஹவ். நானும் சும்மா இருப்பேனா? என் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை அவர் ஜன்னல் பக்கம் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “நீங்க சொன்னா சரிதான் தம்பி” என்றார். எனக்கு அவர் ‘நீங்க’ போட்டது அதுதான் முதல் தடவை. பிள்ளையாரின் மகிமை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போது யாதகிரி ஆனந்தக் கூத்தாடிக்கொண்டு வந்தார்.

“சார் மிட்டாயி அன்னீ இச்சேசாரு!”

மிட்டாயையா கொடுத்தார்? எல்லாவற்றையுமா? சாரைத் திரும்பிப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் படபடவென்று நடுங்கின. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா! சார் மிட்டாயைக் கொடுத்துட்டாரு!” என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் மனைவி பார்வதி அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். “ஊசி போட்டுக்கிட்டு, ‘ரெண்டே நிமிசம், டி.ஜே.க்கு நக்கோ சொல்லிட்டு வந்து சாப்பிடுதேன்’னு இறங்குனாக தம்பி. சோறு ஆறிக் கெடக்கு. மிட்டாய் எங்க?”

யாதகிரி அதை டப்புக்காரர்களுக்குப் பங்கு போட்டுவிட்டிருந்தார். அத்தனை கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருந்தது. பிரசிடெண்ட் ஒரு கணமும் யோசிக்காமல் பிள்ளையார் கையிலிருந்த லட்டைப் பிடுங்கினார்.

“லட்டு வேண்டாம்! நெய்ப் பண்டம், சட்டுனு ஏறாது. சர்க்கரை, சர்க்கரை!” என்று கத்தினார் அக்கா.

பந்துலு பஞ்சாமிர்தத்துக்கு வைத்திருந்த சர்க்கரையைச் சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். அக்கா, “முழுங்க முடியுதாங்க?” என்று கேட்டு வாயருகே வைத்தார். “ஹவ்” என்று சொல்லி, பச்சைப் பிள்ளை போலக் குடித்தார் சார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இப்படிச் சொன்னபடி கேக்க மாட்டாகளே தம்பி. ஒரு வார்த்தை எதுத்துப் பேசச் சொல்லுங்களேன்.”

ஆம்புலன்ஸுக்கு யாரோ ஃபோன் போட்டார்கள். இன்னொருவர் மேலே ஓடி சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். ரொம்பக் கீழே இருந்தது. மறுபடி சர்க்கரைத் தண்ணீர். எதற்கெடுத்தாலும் நக்கோ சொல்கிறாரே என்று எத்தனையோ நாள் அலுத்துக்கொண்டவர்கள், அன்று அந்த ஒரு சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவ்வளவு பயந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் கண் பிரசிடெண்ட் கையில் போய் நின்றது.

“பிள்ளையார் லட்டை எதுக்குவே கையில வச்சிருக்கீரு?”

பிரசிடெண்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் லட்டைப் பிடித்தபடியே கேட்டார். “டி.ஜே., சார்?”

“நக்கோ!”

டப்பு அதிர்ந்தது பாருங்கள், எதிர் வரிசை வீடுகளிலிருந்தெல்லாம் எட்டிப்பார்த்தார்கள். பிரசிடெண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினார். வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் சர்க்கரை ஏறிவிட்டதென்று சொன்னதும், அக்கா சாரை மேலே கூட்டிப்போய், முதல் வேலையாகச் சாப்பாடு போட்டார். ஏ.சி. பற்றி நான் மறுபடி பேச்செடுக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் கொண்டாப்பூர் ஆபீசுக்குக் கிளம்புமுன் அவர் வாசலில் நிற்கிறேன்.

“சார், உங்க ஸ்கூட்டரை எனக்கே கொடுத்துடுங்களேன்.”

“நக்கோவே! பொழப்பப் பாத்துட்டுப் போரும்.”

அதைக் காதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறேன்.