பதினாறாம் பகுதியை வெட்டி ஒட்டித் தரக் கோரி

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் எல்லோரும் என்பது நானும் உன் அக்காவும்தான். அதில் ஒருத்திக்குப் பித்தப்பையில் கல், இன்னொருவனுக்கு அதை நினைத்து வயிற்றில் புளி. எனவே நலத்தை நீயே பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொள். உன் வீட்டில் அனைவரும், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கம்ப்யூட்டரை எதற்கு விசாரிக்கிறேன் என்பது போகப் போகப் புரியும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த இரண்டு அறை வீட்டில் உன் அக்காவுக்குத் தெரியாமல் தும்மக்கூட முடியாது. அதனால் கடிதம், கூடவே ஒரு பென்டிரைவ். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மேலே படி.

நான் ஓய்வு பெற்றதும் உன் அக்கா என்னைக் கொரியா நாடகத்தில் சேர்த்துவிட்டாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டிவியில் நெட் போட்டு ஒரு பகுதி, ஒரு நாடகத்துக்குப் பதினாறு பகுதி. ஒருவரை விட்டு ஒருவர் முன்னால் ஓடிப் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நாடகங்களில் லிப்ட் வேலை செய்கிற லட்சணம் எனக்குப் பொறுக்கவே இல்லை. கதாநாயகி லிப்டுக்குள் நிற்கிறாள், கதாநாயகன் வெளியே நிற்கிறான், இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், கதவு மெதுவாக மூடுகிறது, அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கையை வைத்தால் கதவு திறந்துகொள்ளும், மச்சான்! அதற்குத்தானே சென்சார் என்று ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம்? என் காலத்தில் லிப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருந்தவர்கள் காதலிக்கவில்லை, என்னைத்தான் திட்டினார்கள். போகட்டும். இப்போது ஓடுகிற நாடகத்தில் சாவிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். அவளுக்குக் குடை பிடிப்பது, கஞ்சி கொண்டு வருவது, மாத்திரை வாங்கித் தருவது எல்லாம் நாய்க்குட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர். அவளோ அவனை விட்டுவிட்டு, எந்நேரமும் சிடுசிடுக்கிற ஓட்டல் முதலாளி மகன் பின்னால் போகிறாள். "அதான் மனசு, உங்களுக்குப் புரியாது" என்கிறாள் உன் அக்கா. நாற்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு என்னைத் தவிர வேறு யாராவது கஞ்சியோடு வந்து போனார்களா என்று உன்னிடம் கேட்க வேண்டும் என்று வெகு நாளாக நினைக்கிறேன். அது அவசரமில்லை, சாவகாசமாக எழுது. பாவம் உன் அக்கா, அவ்வளவு இளகிய மனசு. சோகக் காட்சி வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே அவளுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

அவசரமான விஷயம் இதுதான். கல்லை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று சின்ன ஓட்டை, இரண்டு நாளில் வீடு என்று அந்தப் பெண் டாக்டர் ஏதோ பிளம்பிங் வேலை மாதிரிச் சொன்னார். எனக்கோ நாடகத்தில் பார்த்ததெல்லாம் கண் முன்னால் வந்தது. அங்கே இருமினவன் பிழைத்ததில்லை, மூக்கில் ரத்தம் வந்தால் மூன்றே பகுதி, ஆபரேஷனில் பிழைத்தவளுக்கோ புருஷனை அடையாளம் தெரிவதில்லை. வாய் சும்மா இருக்குமா?

"டாக்டர், மயக்கம் தெளிஞ்சதும் இவளுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களை மறக்கடிக்கற மருந்து எங்ககிட்ட இல்ல சார்" என்றார் அவர்.

"இருந்தா ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்றாள் உன் அக்கா.

சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா, "இந்த நாடகம் முடியட்டும், மறுநாளே போய்ப் படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு தேதி தள்ளிப் போயாயிற்று. முடிவு நல்லபடியாக இருந்தால் அவளும் தெம்பாகப் போவாளே என்ற கவலையில், அவள் துணி உலர்த்த மாடிக்குப் போன நேரம் பார்த்து, சட்டத்தை மீறிக் கடைசிப் பகுதியை நான் தனியாகப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கவே கூடாது, மச்சான். சாவிக்கடைப் பெண்ணை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். வாசல் மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. அணைகிறது. டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றித் தலையைக் குனிகிறார். வெளியே பனி கொட்டுகிறது. முடிந்தது! இத்தனை நாள் மனுஷனை உட்கார வைத்துவிட்டு இப்படியா செய்வது?

இதை உன் அக்கா பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாளா? முதலில் நெட் வரும் ஒயரைக் கழற்றிவிட்டேன். அவள் சும்மா இருப்பாளா, ரிப்பேர்காரரை வரவழைத்துவிட்டாள்.

"ஐயா, இது தானா கழண்டதில்ல. யாரோ ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்காங்க" என்றார் அவர்.

"எலியா இருக்கும்" என்றேன்.

"எலிக்கு ஏதுய்யா ஸ்பேனர்?"

உன் அக்கா என் சட்டைப் பையைப் பார்த்தாள். ஸ்பேனர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எலி என்று சொன்ன பாவத்துக்கு ஒரு எலிப்பொறியும் வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. அதில் இதுவரை மாட்டியது என் வலது கால் கட்டைவிரல் மட்டும். அடுத்த நாள் கண் எரிகிறது என்றேன், சொட்டு மருந்து விட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பதினோரு பகுதி முடிந்துவிட்டது. இன்னும் ஐந்தே நாள்.

ஆகவே நீதான் காப்பாற்ற வேண்டும். பென்டிரைவில் நான்காம் பகுதியும் பதினாறாம் பகுதியும் இருக்கின்றன. நான்காவதில் அந்தப் பெண் யாரையோ பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள். அதை வெட்டி, இதில் விளக்கு அணைந்த உடனே ஒட்டிவிடு. அதில் மஞ்சள் கோட்டு, வெயில் வேறு அடிக்கிறது. எப்படியாவது ஒப்பேற்று. அன்றைக்கு நெட்டுக்குப் பதில் பென்டிரைவை டிவியில் சொருகிவிடுகிறேன். தாலி கட்டுகிற நேரம் மாப்பிள்ளை கொட்டாவி விட்டதையே மறைத்த கை உன்னுடையது. தலை குனிகிற டாக்டரை அடியோடு எடுத்துவிடு, அந்த ஆளை இன்னொரு தரம் பார்க்க என்னால் ஆகாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், உன் அக்கா இல்லாத வீட்டில் எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் போய்த் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பும் பசியும் குறையாமல் நீடூழி வளரட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
பெருவிரல் வீங்கிய நிலையில்,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். அத்தான் பசை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், கவர் மேஜை மேல் திறந்து கிடந்தது. அந்த நாடகத்தை நான் போன மாதமே முழுக்கப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் செத்துத்தான் போகிறாள். ஒரு பாட்டம் அழுதேன், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். எனக்கு ஒரு பயமும் இல்லை. டாக்டர் தேதி சொன்ன அன்று உன் அத்தான்தான் நான் மூச்சு விடுகிறேனா என்று ராத்திரி மணிக்கொரு தரம் எழுந்து பார்த்தார். மூன்று வாரம் பொறுக்கலாமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு, அவர் மனசு கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் தினம் ஒரு பகுதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் இடம் சொல்லியாயிற்று. நீ கட்டாயம் முதல் நாளே, நாலு மணிக்கு முன்னால் வந்துவிடு. உள்ளே என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், வாசலில் இவர் பக்கத்தில் உட்கார ஒருத்தர் வேண்டும். அத்தான் சொன்னபடியே வெட்டி ஒட்டிக் கொண்டு வா. அந்த டாக்டரை மறக்காமல் எடுத்துவிடு. உன் அத்தான் பார்க்க வேண்டும்.