வள்ளிக்கிழங்குக்கு ஒரு துப்பாக்கி

பெங்களூரில் குடியேறியவர்களுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. குக்கருக்கு கேஸ்கட் வாங்குவதானாலும் முந்நூறு ரிவ்யூ படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஹெப்பகோடியில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் திருப்பத்தூர் பாலகுமார் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியவரல்ல. பெண் பார்க்கப் போனபோது மட்டும்தான் படிக்க ரிவ்யூ கிடைக்கவில்லை. வைஷ்ணவி நல்லவளாக அமைந்தது அவர் செய்த புண்ணியம்.

அப்பேர்ப்பட்டவர் ஆனேக்கல் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, இருபது குண்டே நிலம் வாங்கினார். அதாவது அரை ஏக்கர். ஏன் வாங்கினார் என்று கேட்கக் கூடாது. அந்த வருஷம் அபார்ட்மென்டில் எல்லாரும் நிலம் வாங்கினார்கள். முந்தின வருஷம் எல்லாரும் கியர் வைத்த சைக்கிள் வாங்கினார்கள், அவரும் வாங்கினார். அது இப்போது பால்கனியில் துணி காய வைக்க உதவுகிறது.

பாலக்கோட்டில் தக்காளி போடும் மாமனார் கோவிந்தராஜனுக்கு இது பிடிக்கவில்லை. "கம்ப்யூட்டர் தட்டுற கைக்கு மண்ணு ஒத்து வராது மாப்ள. ஒண்ணு செய்யுங்க. பொங்கலுக்கு உங்க நிலத்துல விளைஞ்ச வள்ளிக்கிழங்கு ஒரு மூட்டை எங்க வாசல்ல வந்து இறங்கட்டும். இறங்கலேன்னா நிலத்தை வித்துருங்க. பேச்சு மாறக் கூடாது" என்றார்.

பாலகுமார் மாற மாட்டேன் என்றார். அவருக்கு அந்த நிலத்தின் மேல் நிஜமாகவே ஆசை வந்திருந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை போய்க் கொடியைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவார். ஐப்பசியில் கிழங்கு இறங்க ஆரம்பித்ததும் காட்டுப்பன்றியும் இறங்க ஆரம்பித்தது. ஒரு மூலையை உழுது போட்டுவிட்டுப் போயிற்று.

பக்கத்து நிலத்துக்காரர் பெருமாள்சாமி தன் வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். "காத்துல ஆடுனா ஆள் நிக்கிறாப்ல தெரியும் சார், பன்னி கிட்ட வராது. ஊட்ல பழைய சேலை நாலு இருந்தாக் குடுங்க, உங்களுக்கும் கட்டி உடறேன்" என்றார்.

வைஷ்ணவியிடம் இருந்தது கல்யாணத்துப் பட்டுச் சேலைகள் இரண்டு. மற்றதெல்லாம் சுடிதார். "பட்டுல கைய வெச்சா உங்களைத்தான் வேலியில கட்டுவேன்" என்று அவள் சொல்லிவிட்டதால் சேலை யோசனை அத்தோடு கைவிடப்பட்டது.

ஆபீஸில் பக்கத்து ஸீட் ஷ்ரேயாஸ்தான் நவீன முறையை எடுத்துச் சொன்னான். "ஹன்டிங் ரைஃபிள் வாங்குங்க ப்ரோ. செமி ஆட்டோமேட்டிக்கா பாருங்க. ஒவ்வொரு தடவையும் தோட்டா போட்டுட்டிருந்தா பன்னி வெயிட் பண்ணுமா?"

நியாயமான கேள்வி. மூன்று வாரம் இருவரும் ஆராய்ந்தார்கள். மலிவு விலை செமி ஆட்டோமேட்டிக் வேட்டைத் துப்பாக்கிகள் பதினேழைப் பொறுக்கி, எக்ஸெல்லில் நாற்பத்திரண்டு கட்டம் போட்டு ஒப்பிட்டார்கள். எடை என்ன, சுடும்போது தோளில் உதை எவ்வளவு, பனியில் உறையுமா, கரடிக்குத் தாங்குமா, இடதுகைக்காரருக்குச் சரிப்படுமா என்று ஒன்றையும் விடவில்லை. ஆனேக்கலில் பனி ஏது, பாலகுமாருக்கு இடதுகைப் பழக்கம் ஏது என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் ஷ்ரேயாஸுக்குத் தூக்கம் வராது. கடைசியில் நாலரை நட்சத்திரம் வாங்கிய ஒரு துப்பாக்கி ஜெயித்தது.

வைஷ்ணவி திரையை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இது எங்க கிடைக்கும்? நாம வாங்கலாமா?"

அடடா! நாற்பத்திரண்டு கட்டத்தில் அந்தக் கட்டம் மட்டும் இல்லை.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை இருந்தது. முதலாளி க்ளென், எழுபது வயதுக்காரர். பாலகுமார் நீட்டிய எக்ஸெல்லை நிதானமாகப் பார்த்தார்.

"வேட்டை தடை பண்ணி அம்பது வருஷம் ஆச்சு. செமி ஆட்டோமேட்டிக் உனக்கும் எனக்கும் தர மாட்டாங்க. தெரியுமா மேன்?"

"அப்ப நீங்க என்னதான் சார் விக்கிறீங்க?"

"துப்பாக்கி உறை. துடைக்கிற எண்ணெய்." க்ளென் பெருமூச்சு விட்டார். "லைசென்ஸ் கொண்டு வா, பயிர்க் காவலுக்கு ஒத்தைக் குழல் ஒண்ணு தரேன். எலெக்‌ஷன் வந்தா அதைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்."

"எலெக்‌ஷன் எப்ப வரும்?"

"எப்ப வராது, அதைச் சொல்லு மேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பாலகுமார் லீவு போட்டுவிட்டு, பயிர்ப் பாதுகாப்பு ஆயுத இசைவுப் பிரிவு என்னும் அலுவலகத்துக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த சாந்தகுமாரி அம்மாள் அல்சூர்க்காரர், வீட்டுப் பேச்சு தமிழ். தமிழைக் கேட்டதும் பாலகுமாருக்குப் பாதி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"எந்தத் துப்பாக்கின்னு நம்பர் போடலையே?"

"லைசென்ஸ் இல்லாம கடையில நம்பர் தர மாட்டாங்க மேடம்."

"நம்பர் இல்லாம நாங்க லைசென்ஸ் தர மாட்டோம். அது அவங்க ரூல், இது நம்ம ரூல். ரெண்டும் கரெக்டுதான். சரி, பன்னி எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

"தெற்கால இருந்து, காட்டுப் பக்கம்."

"தெற்கால தமிழ்நாடாச்சே. அப்ப அது வெளிமாநிலப் பன்னி. ஆட்சேபணை இல்லைன்னு அந்த மாநிலத்துல லெட்டர் வாங்கிட்டு வரணும்."

"மேடம், அது தின்னுட்டு விடியறதுக்குள்ள திரும்பிப் போயிடுது."

"பார்த்தீங்களா, வீடு வாசல் எல்லாம் அங்கதான். நீங்களே ஒத்துக்கிட்டீங்க" என்று சாந்தகுமாரி எழுதிக்கொண்டார். கெட்டவர் இல்லை. போகும்போது, இணைக்க வேண்டிய தாள்கள் முப்பத்தொன்று என்று ஒரு பட்டியலைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் பாலகுமார் தன் புத்தியைக் காட்டினார். கேட்டது ஆறு செட். ஆறையும், தாள் தாளாக, பளபளவென்று லேமினேட் பண்ணிக்கொண்டு போனார். ஐ.டி. கம்பெனிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றாது.

"லேமினேஷன் மேல சீல் நிக்காது சார்" என்றார் சாந்தகுமாரி.

"மழையில நனையாம இருக்கட்டுமேன்னு..."

"ஃபைலுக்குள்ள எங்க சார் மழை பெய்யுது?"

நம்பருக்கும் லெட்டருக்கும் 'பின்னால் தரப்படும்' என்று எழுதி, மறுபடி ஆறு செட் வெறும் தாளில் போட்டுக் கொடுத்தார். லேமினேட் பண்ணிய நூற்றெண்பத்தாறு தாளும் வீட்டுக்கு வந்தன. "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் வைஷ்ணவி. வந்த எரிச்சலில் பாலகுமார் எல்லாவற்றையும் நிலத்துக்கு எடுத்துப் போய், ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து, நான்கு பக்கமும் கட்டித் தொங்கவிட்டார்.

காற்றில் அவை படபடவென்று அடித்துக்கொண்டன, வெயிலில் மின்னின. அன்றிலிருந்து பன்றி வரவில்லை. வரப்பு வரைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய கால்தடம் மட்டும் இருந்தது.

பெருமாள்சாமி அசந்துபோனார். "மனுன்னா பன்னிக்கும் பயம்தான் போல சார். சும்மாவா!"

கிழங்கு தொடை தொடையாகத் திரண்டது. அபார்ட்மென்ட் வாட்ஸாப்பில் படம் போட்டதும், "எந்த ஆபீஸ் ஃபாரம்? லேமினேஷன் எத்தனை மைக்ரான்?" என்று பதினோரு பேர் கேட்டார்கள். வேலிக்கு எந்த மனு நல்லது என்று ஷ்ரேயாஸ் புது எக்ஸெல் திறந்தான். பாலகுமார் மூட்டைக்குச் சாக்கு வாங்கி வைத்தார். அந்தச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு களை வரும். துப்பாக்கி விண்ணப்பத்தை அவர் மறந்தே போனார். விண்ணப்பம் அவரை மறக்கவில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நிலத்தருகே ஜீப் ஒன்று வந்து நின்றது. தல ஆய்வுக்காக நான்கு பேர் இறங்கினார்கள். தலைவர் நாகேஷ், ஆய்வாளர். வயலைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஏனு சார் இது? நாசம் எங்க?"

"இப்ப பன்னி வர்றதில்ல சார். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸ் வாங்க ஃபாரமே கிடையாது. பயிர் நாசம்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாசம் இல்லேன்னா அது பொய் வாக்குமூலம். கேஸ் ஆயிடும்."

பாலகுமார் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "இப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். நாசம் கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்."

டிரைவர் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். உள்ளே மண்வெட்டி நான்கும் சாக்குகள் ஒரு கட்டும் இருந்தன. சும்மா சொல்லக் கூடாது, சர்க்கார் ஆட்கள் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து பாலகுமார் பார்த்ததே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் வயலும் நாசமாயிற்று. சாக்கின் வாயைப் பிடிக்க ஆள் போதவில்லை. கேஸுக்குப் பயந்து பாலகுமாரே போய்ப் பிடித்தார். கிழங்கெல்லாம் பரிசோதனைக்கு மாதிரி என்ற பெயரில் ஜீப்பில் ஏறியது.

"சார், ஒரு மூட்டை மட்டும் விட்டுடுங்க. மாமனாருக்குச் சொல்லியிருக்கேன்" என்று கெஞ்சினார்.

"முழுக்க நாசமான பயிர்ல மூட்டை எப்படி சார் வரும்? ரிப்போர்ட் இடிக்குமே" என்றார் நாகேஷ் வருத்தத்தோடு. "மிச்சம் இருக்கிற கால் வயலைத் தொடாதீங்க. பன்னிக்கும் ஆதாரம் வேணும்."

போகும்போது, அரசாங்க மனுவை வேலியில் கட்டுவது அவமரியாதை என்று நூற்றெண்பத்தாறு தாளையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள். பயிர் முழுச் சேதம் என்ற சான்றிதழில் அங்கேயே சீல் வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் பன்றிகள் வந்து ஆதாரத்தைத் தின்றுவிட்டுப் போயின.

போகி அன்று மாமனாரிடமிருந்து போன் வந்தது. வைஷ்ணவி பக்கத்தில் வந்து நின்றாள். பாலகுமார் போனை எடுத்தார்.

"மூட்டை கிளம்பிடுச்சா மாப்ள?"

"இல்ல மாமா. எல்லாம் போச்சு."

"பன்னியா?"

"பன்னி கடைசியாத்தான் வந்துச்சு மாமா. அதுக்கு முந்தியே நாலு பேர் ஜீப்புல வந்தாங்க. அவங்களே சாக்கும் கொண்டாந்திருந்தாங்க. பயிர் நாசம்னு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

நிலத்தை வித்துருங்க என்ற வார்த்தைக்காக பாலகுமார் காத்திருந்தார்.

"சாக்கு வாயை யாரு புடிச்சது?" என்றார் கோவிந்தராஜன்.

"நான்தான் மாமா."

"நிலத்தை விக்காதீங்க மாப்ள. இப்பத்தான் நீங்க விவசாயி ஆயிருக்கீங்க" என்றார் அவர். "முப்பத்தஞ்சு வருஷமா நானும் அடுத்தவன் சாக்கு வாயைத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."