மானியம் சாரும் ஒன்பது மொட்டைமாடிகளும்

டெல்லியில் ஒரு மந்திரி ஏதாவது ஒரு பொருளுக்கு மானியம் தரலாமா என்று யோசிக்க ஆரம்பித்தால் போதும், மறுநாள் காலை அதற்கான விண்ணப்பப் படிவம் புதுப்பட்டினத்தில் ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கும். மந்திரி மனம் மாறிவிட்டாலும் படிவம் பையை விட்டுப் போகாது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த நான் அதை விசாரித்ததில்லை. தெருவுக்கு அவர் மானியம் சார்.

எங்கள் தெரு, கடலுக்கு முந்தின கடைசித் தெரு. பத்து வீடுகள். பெரும்பாலும் எல்லோருமே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மானியம் சார் அங்கே ஸ்டோர்ஸில் கிளார்க். செங்கல்பட்டுக்காரர், தனிக்கட்டை. அவருடைய சட்டைப் பையில் பேனா இருந்ததோ இல்லையோ, ஸ்டாம்பு பேடு இருக்கும். கால்சட்டைப் பையில் கோந்து பாட்டில். ஒருமுறை பஸ்ஸில் அது உடைந்து, இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாமல் திருக்கழுக்குன்றம் வரை போய் வந்ததாக ஒரு வதந்தி உண்டு. நான்தான் அதைப் பரப்பினேன்.

என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எவர்சில்வர் குடமும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். மானியம் சார் மேடை ஏறி ஒரு கவரைக் கொடுத்தார். பிரித்தால், ரேஷன் கார்டில் மனைவி பெயர் சேர்க்கும் படிவம். எல்லாம் நிரப்பியிருந்தது. "பொண்ணு ஒரு கையெழுத்து போட்டா போதும் சார், இங்கியே போட்டுட்டா ஒரு வேல முடிஞ்சிடும்" என்று பேனாவை நீட்டினார். மணமேடையில் என் மனைவி முதலில் குனிந்து கையெழுத்துப் போட்டது அதில்தான்.

படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது அவர் வாழ்க்கைக் கொள்கை. நமக்குச் சம்பந்தமில்லாத கட்டமாக இருந்தால் 'பொருந்தாது' என்று அழகாக எழுத வேண்டும். வாய்ப் பேச்சிலும் அதே பழக்கம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போயிருக்கிறார். சிகரெட் உண்டா என்று டாக்டர் கேட்க, "பொருந்தாது." குடி? "பொருந்தாது." மனைவி கூட வந்திருக்கிறார்களா? "அதுவும் பொருந்தாது டாக்டர்."

இப்படிப்பட்டவர் கையில் இரண்டாயிரத்து ஒன்றிலோ இரண்டிலோ சூரிய வெந்நீர்த் திட்டம் கிடைத்தது. மாடியில் ஒரு கண்ணாடிப் பலகை, அதற்கு மேலே ஒரு டேங்க். வெயிலே தண்ணீரைச் சுட வைக்கும், கரண்டு மிச்சம். வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். ஆனால் உடனே தராது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து, சாதனம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"அணுவைப் பொளக்குற ஊருல வெந்நீருக்குச் சூரியனைக் கூப்பிடுறீங்களே சார்" என்றேன்.

"கரண்டு நீங்க பண்றீங்க, பில்லு யாரு கட்றது சார்?" என்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பது வீடும் போட்டது. போடத் தயங்கிய வீட்டு வாசலில் எல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொன்னார். "மானியம் வரலன்னா நான் இந்தத் தெருவுலியே இருக்க மாட்டேன் சார். மூட்டைய கட்டிகினு போய்க்கினே இருப்பேன்." யாரும் அவரிடம் அப்படி ஒரு சத்தியத்தைக் கேட்கவில்லை. அவராகவே கொடுத்தார். படிவத்துக்கு மூன்று பிரதி வீதம் இருபத்தேழு பிரதிகளை அவர் கையாலேயே எழுதினார். ஒன்பதிலும் சாட்சிக் கையெழுத்தும் அவருடையதுதான்.

பலகை தெற்குப் பார்த்து இருக்க வேண்டுமாம். குழாய் வேலை பார்க்கும் ஏகாம்பரம் முதல் வீட்டு மாடியில் நின்று தலையைச் சொறிந்தான். "அண்ணாத்த, இதுல தெக்கு எங்க கீது?" மானியம் சார் நடு மாடியில் போய் நின்று இடது கையைக் கடல் பக்கம் நீட்டினார். "கடலு இடது கைல கீதா? மூக்கு காட்டுதே, அதான் தெக்கு." ஒன்பது மாடியிலும் ஏறி, ஒன்பது முறை கையை நீட்டி மூக்கைக் காட்டினார். கீழே போகிறவர்கள் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்தார்கள்.

மார்கழியில் எல்லோரும் ஆசை தீரக் குளித்தோம். ஏப்ரல் வந்தது. எங்கள் ஊர் ஏப்ரலில் சாதாரணக் குழாயைத் திறந்தாலே தண்ணீர் கை பொத்துப் போகிற மாதிரி வரும். வெந்நீர்க் குழாயை ஒருவரும் தொடவில்லை. அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு ஜெயக்கொடி அக்கா தன் கண்டுபிடிப்பைச் செய்தார்.

ஜெயக்கொடி அக்கா தூத்துக்குடிக்காரர். வருஷா வருஷம் மாடியில் வேட்டி விரித்து வடாம் பிழிவார். வருஷா வருஷம் கடற்காற்று மணலை அள்ளிக் கொட்டும். அந்த வருஷம் அவர் பார்வை அந்தக் கண்ணாடிப் பலகை மேல் விழுந்தது. துடைத்தால் பளபளவென்று சுத்தம், அடியில் சூடு, காற்றில் பறக்காது. ஒரு வரிசை பிழிந்து பார்த்தார். ஐந்து மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அதுமட்டுமில்லை, பலகை சரிவாக இருந்ததால் காய்ந்த வடாம் தானாகவே வழுக்கிக்கொண்டு வந்து கீழே வைத்த முறத்தில் விழுந்தது. அந்த வாரக் கடைசிக்குள் ஒன்பது பலகைகளும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் ஜவ்வரிசி, அடுத்த வீட்டில் அரிசிக்கூழ், ஐந்தாம் வீட்டில் வெங்காயம் போட்டது. சூரியனே வீட்டுக்கு வேலைக்கு வந்துவிட்ட மாதிரி என் மனைவிக்கு ஒரே பெருமை.

மானியம் சாருக்கு இது தெரியாது. அவருக்கு மாடிக்கு வர ஒரு காரணமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கையில் பழுப்புநிறப் பையும் பையில் தெர்மாமீட்டருமாக அதிகாரி வந்து இறங்கினார். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. முதல் வீட்டில் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, செய்தியைப் பின்பக்கமாகத் தெருவெல்லாம் பரப்பினார்கள். நான் ஓடிப்போய் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சாதுவாக வந்தது. கண்ணாடியில் வெயில் பட்டால்தானே சூடாகும். மூன்று வாரமாக வெயில் முழுவதையும் வடாம் குடித்துக்கொண்டிருந்தது.

வேறொரு குழாய் வேலைக்கு வந்திருந்த ஏகாம்பரம்தான் யோசனை சொன்னான். "சார், பேஜாராவாதீங்க. அடுப்புல காச்சி மேல டேங்குல ஊத்திட்டா, குழாயத் தொறந்தா சூடா வருது. அவருக்கு இன்னா தெரியும்?"

அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஒன்பது வீட்டிலும் கேஸ் அடுப்பு எரிந்தது. அண்டா, குக்கர், பால் பாத்திரம், எதுவும் மிச்சமில்லை. முன்னால் என் மனைவி ஒரு தவலையோடும், பின்னால் நான் ஒரு குக்கரோடும், அதற்குப் பின்னால் ஏகாம்பரம் ஒரு பக்கெட்டோடும் மாடிப்படி ஏறினோம். பாதிப் படியில் மானியம் சார் நின்றுகொண்டிருந்தார். செய்தி கேட்டு எங்கள் மாடிக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா சார் இது?"

"வெந்நீர்."

"எதுல காச்சனீங்க?"

"கேஸ்ல."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "வெந்நீருக்கு கேஸ் வாணாம், கரண்டு வாணாம்னுதான் சார் மானியமே குடுக்கறாங்க. அத வாங்கறதுக்கு கேஸ்ல வெந்நீர் போட்டுகினு வரீங்களே."

"இல்லாட்டி கையெழுத்து விழாது சார். தெருவை விட்டுப் போறேன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

"போறேன் சார். சொன்னது சொன்னதுதான்." குரல் இறங்கியிருந்தது. "ஆனா ஃபாரத்துல கடைசி வரி இன்னா? மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை. அதுக்குக் கீழ ஒம்போது தபா கையெழுத்து போட்டவன் நானு. இதுவரிக்கும் ஒரு பொய் ஃபாரம் எழுதுனதில்ல."

எழுந்து விறுவிறுவென்று முதல் வீட்டுக்குப் போனார். நாங்களும் மற்ற வீட்டுக்காரர்களும் ஊற்றாத பாத்திரங்களோடு பின்னாலேயே போனோம். அதிகாரி ஏற்கெனவே மாடி ஏறி, பலகைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"இது என்ன?" என்றார்.

"வடாம் சார்" என்றார் மானியம் சார்.

"அது தெரியுது. சோலார் வேலை செய்யுதா, இல்லையா?"

"காலீல ஆறு மணிக்குப் புழிஞ்சதாம் சார். ஒடச்சிப் பாருங்க."

அதிகாரி ஒரு வடாமை எடுத்து உடைத்தார். மொறுக்கென்று உடைந்தது. கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் காய்ஞ்சிருக்கு. ஆனா என் ஃபாரத்துல வடாமுக்குன்னு கட்டம் இல்லையே. தண்ணி அம்பது டிகிரி காட்டணும்."

"மூணரை வரிக்கும் டைம் குடுங்க சார். சூடு வரலன்னா ஒம்போதுலயும் நிராகரிக்கப்பட்டதுன்னு எழுதிட்டுப் போங்க. நானே ஸ்டாம்பு பேடு தரேன்."

ஜெயக்கொடி அக்காதான் நிலைமையைக் காப்பாற்றினார். "அதுக்குள்ள ஒரு வாய் சாப்பிடுங்க சார். வெயில் எங்க போவப் போவுது, அது சும்மாதான கெடக்கு. வடாமும் பொரிச்சுத் தாரேன், எப்படி இருக்குன்னு சொல்லுதீயளா?"

அதிகாரி சாப்பிட்டு, ஜெயக்கொடி அக்கா வீட்டு ஈசிசேரில் தூங்கியும் போனார். மாடிகளில் தோசைத் திருப்பியும் ஈரத் துணியுமாக யுத்தம் நடந்தது. மானியம் சார் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தார். ஒரு சின்ன மேகம் மாமல்லபுரம் பக்கமிருந்து வந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். அது போனதும் உட்கார்ந்தார்.

மூன்றரைக்கு ஆய்வு தொடங்கியது. முதல் வீட்டில் குழாயடியில் விரலை வைத்த அதிகாரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கையெழுத்து விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் சரி. ஐந்தாம் வீட்டில் தெர்மாமீட்டர் நாற்பத்தேழில் நின்றது. ஏகாம்பரம் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "மூலைல வெங்காயம் ஒட்டிகினு கீது" என்று மேலேயிருந்து கத்தினான். சுரண்டினான். கால் மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி வைத்தபோது ஐம்பத்தொன்று. மானியம் சார் தோளைத் தளர்த்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்பதும் முடிந்தது. அதிகாரி பையை மூடிக்கொண்டே, "இவ்வளவு செஞ்சீங்களே, உங்க வீடு எது? உங்க ஃபாரம் எங்க?" என்றார்.

மானியம் சார் தெருக்கோடியில் இருந்த பத்தாவது வீட்டைக் காட்டினார். வாடகை வீடு. சொந்தக்காரர் எங்கோ மெட்ராஸில் இருந்தார். ஓட்டுக்கூரை, மொட்டைமாடி கிடையாது. "எனக்குப் பொருந்தாது சார்" என்றார், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

அந்த ஓட்டு வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தினமும் என் கண்ணில் படுகிற கூரை. ஒன்பது வீட்டுக்கும் வெந்நீர் வாங்கிக் கொடுத்தவர் மார்கழிப் பனியில் பச்சைத் தண்ணீரில் குளித்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மார்கழிக்கு முன் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, எங்கள் டேங்கிலிருந்து சுவர் வழியாக அவர் குளியலறைக்கு ஒரு குழாய் இழுக்கச் சொன்னேன். சூடு ஆறாமல் இருக்கத் தேங்காய் நார்க் கயிறு சுற்றினான். மானியம் சார் வாங்க மறுத்தார். "சும்மா எப்பிடி சார் வாங்கறது? ஒரு விண்ணப்பமாச்சும் குடுக்கறேன்." சொன்னபடி அவரே கோடு போட்டு, இரண்டு பிரதி எழுதிக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் அவருடைய பெயரைப் பார்த்தேன். அதை இங்கே எழுதினால் எங்கள் தெருக்காரர்களுக்கு யாரென்று தெரியாது. தேவைப்படும் அளவு: தினம் ஒரு பக்கெட். சொந்த வீடா: இல்லை. மாடி: பொருந்தாது. கடைசியாக, 'எந்தத் தகுதியின் அடிப்படையில்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அவர் கையால் காலியாக விடப்பட்ட ஒரு கட்டத்தை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"அது குடுக்கறவங்க ரொப்ப வேண்டியது சார்" என்றார்.

நான் 'வேண்டியவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். பிறகு, "இங்க ஒரு சீல் இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சூடு வந்துகினு கீது சார்" என்று ஒரு குரல் வரும், ஏதோ நான் ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி. இப்போது நாவலூரில் எட்டாவது மாடியில் இருக்கிறோம். சுவிட்சைப் போட்டால் இரண்டே நிமிஷத்தில் தண்ணீர் கொதிக்கிறது. ஆனாலும் அந்தக் குரல் வந்து சொல்லாதவரை, எனக்கு அது வெந்நீராகப் படுவதில்லை.