சுருட்டுக்கு ஈரம் கொடுத்தவர்

ஈரங்கொடுப்பார் என்றோர் இனம் உண்டு. பறவைப் புத்தகத்திலும் விலங்குப் புத்தகத்திலும் தேடாதீர்கள். ஓசூர் பாகலூர் சாலையில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழைந்து, இரும்பு பீரோ உள்ள வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டுங்கள். அவரே வந்து திறப்பார். நல்ல பொருள் ஒன்று கைக்கு வந்ததும் அதை அனுபவித்துவிடுவது அநாகரிகம் என்பது இவருடைய கொள்கை. துபாய் சென்ட்டா? நல்ல நாள் வரட்டும். காஷ்மீர்க் குங்குமப்பூவா? விசேஷம் வரட்டும். நல்ல நாளும் வரும், விசேஷமும் வரும், வந்த வழியே போகவும் போகும். இவர் கண்ணுக்கு எதுவும் போதிய அளவு நல்லதாகத் தெரியாது. பொருள் காய்ந்து, சுருங்கி, சுக்காகிப் போன பிறகுதான் அதன்மேல் இவருக்குப் பாசம் பொங்கும்.

"தூக்கிப் போடுங்க" என்று சொல்லிப் பாருங்களேன்!

"உள்ள உசுரு இருக்குது. கொஞ்சம் ஈரம் காட்டுனா எந்திரிச்சுக்கும்" என்பார்.

காய்ந்த மார்க்கர் பேனாவைத் தண்ணீரில் நிற்க வைப்பார். கல்லாகிவிட்ட ஷூ பாலிஷில் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைப்பார். மூன்று வருஷத்துப் பேரீச்சம்பழத்தைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டி, தலை துவட்டி, வந்த விருந்தாளிக்கு நீட்டுவார். நீங்கள் தின்றதில்லையா? நான் தின்றிருக்கிறேன். என் கடைவாய்ப் பல்லில் ஒன்று அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

எங்கள் எதிர்வீட்டு சௌந்தரராஜன் இந்த இனத்தின் தலைமகன். வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். அளந்த பிறகுதான் நம்புவார், சீட்டு எழுதி ஒட்டிய பிறகுதான் ஒரு பொருளைக் கீழே வைப்பார். அவர் வீட்டு உப்பு ஜாடியில் 'உப்பு' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் இட்டிருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து கம்பெனியைப் பார்க்க வந்த ஹெல்முட் என்பவர், போகும்போது இவர் கையில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பத்து உயர்ந்த ரகச் சுருட்டுகள். சௌந்தரராஜன் பீடிகூடப் பிடித்தவர் அல்ல. அதனால் என்ன? பெட்டி நேராக பீரோவுக்குள் போய், பட்டுப்புடவைகளுக்கும் அந்துருண்டைகளுக்கும் நடுவில் குடியேறியது. வருஷா வருஷம் புத்தாண்டு மெயிலில், 'உங்கள் சுருட்டுகள் நலம். நீங்கள் வந்ததும் சேர்ந்து பற்றவைப்போம்' என்று ஒரு வரி தவறாமல் எழுதுவார். மனிதர் வரவா போகிறார் என்ற தைரியம்தான்.

இந்த வருஷம் மனிதர் கிளம்பிவிட்டார். 'எட்டு நாளில் ஓசூர். முதல் மாலை உங்கள் வீட்டில், நம் சுருட்டு' என்று பதில் வந்தது.

சௌந்தரராஜன் பெட்டியைத் திறந்தார். ஒரு சுருட்டை எடுத்து மேசையில் தட்டினார். 'டொக்' என்றது. இரண்டாம் தட்டில் அது பொடியாகி மேசையெங்கும் பரவியது.

"ஏங்க, இதை ரசத்துல போட்டாக்கூட ஆவாது" என்றாள் அவர் மனைவி ராஜாத்தி.

"ஒம்பது வருசமா நலம் நலம்னு எழுதியிருக்கேன்டி! அந்தாளு நம்ம ரிப்போர்ட்டையெல்லாம் அப்படியே நம்பறவரு. சுருட்டுல பொய் சொன்னவன், போல்ட்டுல சொல்ல மாட்டானான்னு கேட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

அதுதான் விஷயம். மீதி இருந்த ஒன்பது சுருட்டோடு அவருடைய சொல்லும் சேர்ந்து காய்ந்து கிடந்தது.

பஸ் ஸ்டாண்டு அருகே பீடா, புகையிலைக் கடை வைத்திருக்கும் கௌஸ் மொய்தீனிடம் ஓடினார். கௌஸ் மொய்தீன் சுருட்டை வாங்கிக் காதோரம் வைத்து மெல்ல உருட்டிக் கேட்டார்.

"சார், இது தாகத்துல இருக்கு. தாகத்துல இருக்கறவனுக்கு ஒரே வாய்ல ஒரு குடம் ஊத்துவீங்களா? இறுக்கமான டப்பாவுல போடுங்க. ஓரமா ஈரப் பஞ்சு, மேல படாம. மூணு நாளுக்கு ஒருக்கா திருப்பி விடுங்க. அவசரப்பட்டா மேல் இலை வெடிச்சுரும்."

"எத்தனை நாள் பாய்?"

"ரெண்டு மாசம். மூணு மாசம்னா இன்னும் நல்லா வரும்."

"எட்டு நாள்தான் இருக்கு!"

"அப்ப அவரை மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க சார்."

நல்ல யோசனை. ஆனால் ஈரங்கொடுப்பார் யோசனை கேட்பது அதன்படி நடப்பதற்கா? டப்பாவும் பஞ்சும் தயாராயின. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஏறியது. கால் மணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, ஒவ்வொரு சுருட்டையும் விரலால் அமுக்கி, எண் எழுதி, கையெழுத்திட்டு மூடினார். உள்ளே இருந்த ஈரமெல்லாம் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. மூன்றாம் நாள் பொறுமை தீர்ந்து, மூன்று சுருட்டுகளை இட்லித் தட்டில் வைத்து ஆவி காட்டினார். அவை வாழைப்பூ போல மடல் மடலாக விரிந்தன. அடுத்த வாரம் வரைக்கும் அந்த வீட்டு இட்லியைத் தின்றவர்களுக்குத் தலை சுற்றியது.

மிச்சம் ஆறு.

நாலாம் நாள் அந்த ஆறையும் கம்பெனிக்கு எடுத்துப் போனார். போல்ட்டும் நட்டும் எத்தனை நாளில் துருப்பிடிக்கும் என்று பார்க்க, உப்புத் தண்ணீரைப் பனி போலத் தூவும் பெட்டி ஒன்று அங்கே சோதனைக்கூடத்தில் உண்டு. அதில் உப்பை அடைத்துவிட்டு வெறும் ஈரத்தை மட்டும் வைத்து, சுருட்டுகளை வரிசையாக அடுக்கினார். அத்தோடு வந்திருக்கலாம். கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, 'எண்ணிக்கை ஆறு, சௌந்தரராஜன்' என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தார்.

அந்தக் கம்பெனியில் மஞ்சள் சீட்டு கட்டிய எந்தப் பொருளுக்கும் நாலு நாள் உப்பு அடிக்க வேண்டும். சட்டம். பத்து வருஷத்துக்கு முன் அந்தச் சட்டத்தை எழுதியவரும் சௌந்தரராஜன்தான். அடுத்த ஷிப்டில் வந்த லாவண்யா, பார்த்தாள், உப்பைத் திறந்துவிட்டாள்.

"ஏம்மா, அது சுருட்டுன்னு தெரியலையா?" என்று ஹெல்முட் வருகிற அன்று காலையில் பெட்டியைத் திறந்த சௌந்தரராஜன் அலறினார்.

"தெரிஞ்சுது சார். ஆனா சீட்டு மஞ்சளா இருந்துச்சே சார். பொருளைப் பார்க்காத, சீட்டைப் பாருன்னு ட்ரெய்னிங்ல நீங்கதான சார் சொன்னீங்க? ஒண்ணுகூடத் துருப்பிடிக்கல சார். ஆறும் பாஸ்."

நான் பள்ளிக்கூட டீச்சர், ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் அன்று மாலை ராஜாத்தி என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டாள். மொட்டை மாடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். சுருட்டுகள் புஷ்டியாக, பளபளவென்று, மேலே லேசாக உப்புப் பூத்துக் கிடந்தன. ஹெல்முட் ஒன்றை எடுத்து, மோந்து, அரைப் பெட்டித் தீக்குச்சி செலவழித்துப் பற்றவைத்தார். கருவாட்டுச் சந்தை தீப்பிடித்த மாதிரி ஒரு வாசனை கிளம்பியது. ஐந்தே நிமிஷத்தில் மாடிச் சுவரைச் சுற்றிப் பூனைகள் வந்து உட்கார்ந்தன. எண்ணினேன், பதினேழு. அதில் இரண்டு அத்திப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டி வந்தவை; 'ச்சூ' என்றதற்கு அசையாமல், கன்னடத்தில் 'ஹோகு' என்று விரட்டிய பிறகுதான் நகர்ந்தன.

சௌந்தரராஜன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதியாக எதிரே பார்த்தார். ஹெல்முட்டின் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அருமை. கடற்கரை ஞாபகம் வருகிறது" என்றார் மெதுவாக. பிறகு தம் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, ராஜாத்தியிடம் இரண்டு கையாலும் நீட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"டீச்சரம்மா, என்னாங்கறாரு?"

"போன தடவை நீ குடுத்த அதிரசமாம். சாப்பிட்டுத் தீர்த்துட மனசு வரலையாம். கல்லாட்டம் ஆனதுக்கு, சுருட்டு வெக்கற பெட்டியிலயே மூணு வாரம் ஈரத்துல வெச்சுத் தேத்தினாராம். எல்லாரும் சாப்பிடணுமாம்."

ராஜாத்தி என் முழங்கையைக் கிள்ளினாள். சௌந்தரராஜன் மட்டும் ஒரு அதிரசத்தை எடுத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பிரிந்த அண்ணன் தம்பி சேர்ந்தாற்போல் அவர் முகம் மலர்ந்தது. புகையிலை மணக்க மணக்க முழுசாக மென்று விழுங்கினார். யாரும் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "எத்தனை சதவீதம் ஈரம் வைத்தீர்கள்?" என்றுதான் கேட்டார். ஹெல்முட் சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்த ஓர் அட்டவணையை எடுத்தார். கால் மணிக்கு ஒரு கையெழுத்து.

மானம் தப்பியது. வயிறு தப்பியதா என்று நான் விசாரிக்கவில்லை.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகத்தை வாங்கியது எப்போது? ஓய்வாக, ஒரு நல்ல நாளில், நிம்மதியாகப் படிக்கலாம் என்று எடுத்து வைத்து, தாள் பழுப்பேறி, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று ஆன பிறகுதானே இன்றைக்குப் பிரித்தீர்கள்? இல்லையென்று சாதிக்காதீர்கள். பக்கத்தைத் திருப்ப விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டிருப்பது யாராம்?