மாதம் ஒரு துவக்கு

மேற்பிரிவு லயம்,
ஹல்துமுல்லை.
12.03.2025, புதன்கிழமை.

மதிப்புக்குரிய மருமகன் சதீஸ்குமார் அவர்களுக்கு,

மாமனார் தம்பையா, ஓய்வுபெற்ற கங்காணி, எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் மாமியார் ஜீவராணியும் இங்கே சுகம். அமெரிக்காவில் நீங்களும் மகள் துஷாந்தினியும் பேத்தியும் சுகமாக இருக்கத் தினமும் கும்பிடுகிறோம். கையெழுத்து ஆடுவதைப் பார்த்து நான் குடித்திருப்பதாக நினைக்க வேண்டாம். வலது கை பல வருசமாக நடுங்குகிறது. பதுளையில் டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று பனடோல் கொடுத்தார். போனில் சொல்லாமல் எழுதுவது ஏனென்றால், போனில் நான் வாயைத் திறந்தால் உங்கள் மாமியார் பிடுங்கிக்கொண்டு அங்கே என்ன சமையல் என்று கேட்கத் தொடங்கிவிடுவார். இருபத்தெட்டு வருசம் விடியற்காலைப் பெரட்டில் நூறு பேரை அதட்டி வேலைக்கு அனுப்பியவன் நான். ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் பிந்தியதில்லை, துரையே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். வீட்டில் என் வாய்க்கு இவ்வளவுதான் மதிப்பு.

விசயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை துஷாந்தினி வீடியோவில் வந்து, நீங்கள் வேலை செய்யும் பெட்ரோல் செட்டில் ஒருவன் புகுந்து உங்கள் நெற்றியில் துவக்கை வைத்து, சுட்டுவிடுவேன் என்று மிரட்டிய கதையைச் சொன்னாள். அதனால் நீங்கள் ஒரு கைத்துவக்கு வாங்கியிருப்பதாகச் சொல்லி அதையும் காட்டினாள். அலுமாரிக்கு மேலே, பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுக்கென்று இன்னொன்று கேட்டீர்களாம், கடைக்காரன் தர மறுத்துவிட்டானாம். "இங்க சட்டம்ப்பா. ஒரு ஆளுக்கு முப்பது நாளைக்கு ஒண்ணுதான். ஏப்ரல் அஞ்சாந் திகதிதான் அடுத்தது" என்றாள்.

இதில் என் தவறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தில் மாசாமாசம் தேயிலைத்தூள் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். கொடுக்கிற நாளில் போய் நிற்காவிட்டால் அந்த மாசத்துப் பங்கு போச்சு. அதனால் வேண்டுமோ வேண்டாமோ, வாங்கி வந்து தகரத்தில் போட்டுவிடுவோம். பிறந்ததிலிருந்து மாசத்துக்கு ஒன்று என்றால் எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான். ஆகவே அமெரிக்க அரசாங்கம் ஆளுக்கு மாசம் ஒரு துவக்கு கொடுக்கிறது என்று நினைத்துவிட்டேன். நீங்கள் விசா லொட்டரி விழுந்து போய் இருபத்தாறு மாசம். ஆக இருபத்தாறு துவக்கு. மாமனார் பயப்படுவார் என்று ஒன்றை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். துஷாந்தினி பேர் இன்னும் செக்ரோல் பதிவுப் புத்தகத்தில் விழவில்லை போல, அதனால்தான் அவளுக்குத் தரவில்லை. பேத்திக்கு மூன்று வயசு, அவளுக்கு அரைநாள் கணக்கில் அரைப் பேர் போடுவார்களா என்றுதான் விளங்கவில்லை.

மறுநாள் போனுக்கு ரீலோட் போட பெரகல சந்திக்கு இறங்கி, முன்ஸிப் நானாவின் கடையில் இதைச் சொன்னேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கவலையில்தான் சொன்னேன். கடையில் பத்துப் பேர் நின்றதால் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. இருபத்தாறையும் எங்கே வைப்பார் என்று முன்ஸிப் கேட்டார். கட்டிலுக்குக் கீழேதான் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். பஸ் என்னை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவதற்குள் செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா அழகர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, போஞ்சிப் பாத்தியில் குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை, மருமகனிடம் மிஞ்சிக் கிடப்பதில் ஒன்றை அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். கூரைத் தகரச் சண்டையில் நாலு வருசமாகப் பேசாத ரெங்கம்மா ஒரு தட்டு வடை கொண்டுவந்து வைத்தார். இத்தனை காலம் என்னைக் கண்டுகொள்ளாத கோயில் கமிட்டி, நீங்கதான் இனித் தலைவர் என்று வந்து நின்றது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

துவக்குக் கதையைக் கேள்விப்பட்டு திங்கட்கிழமை பொலிஸ் ஜீப் வந்தது. கமிட்டியில் ஒருவரையும் காணோம். ரெங்கம்மா ஓடி வந்து, மிச்சம் இருந்த இரண்டு வடையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சார்ஜன்ட் சிங்களப் பிள்ளை, நன்றாகத் தமிழ் பேசுகிறார். நான் எல்லாவற்றையும் தேயிலைத்தூள் முதற்கொண்டு விளக்கினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "அது குடுக்கிறது இல்ல ஐயா. அதுக்கு மேல வாங்காம தடுக்கிறது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜீவராணி போட்ட தேத்தண்ணியைக் குடித்து முடித்து, போகும்போது திரும்பி, ஏழாம் நம்பர் மலையில் துவக்குப் பட்டுச் செத்த பிள்ளை உங்கள் மகன்தானே என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அந்த பைல் இன்னும் மூடவில்லை, அந்தத் துவக்கைக் கட்டினவனை இதுவரை பிடிக்கவில்லை என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கலியாணத்தின்போது உங்கள் காதில் விழுந்திருக்கும். என் வாயால் நான் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். துஷாந்தினிக்குப் பதினாலு வயசு, அவள் தம்பி சுரேஸுக்கு ஒன்பது. ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஓடையோரம் லயத்து ஆட்களெல்லாம் மரவள்ளி போட்டிருந்தோம். பன்றி வந்து கிளறாமல் இருக்க யாரோ ஒரு படுபாவி புல்லுக்குள் துவக்கைக் கட்டி, கால் பட்டால் வெடிக்கிற மாதிரி பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்திருக்கிறான். அன்று காலை ஆட்டுக்குட்டி ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஓட, பிள்ளை அதன் பின்னால் ஓடினான். ஆட்டுக்குட்டி திரும்பி வந்தது. நான் மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு நிரை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டது. பதினாறு வருசமாயிற்று. பொலிஸ் வந்து லயம் முழுக்க விசாரித்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கும்போது ஜீவராணி சாமியிடம் ஒன்றுதான் கேட்பார். "கட்டுனவன் கை வெளங்காமப் போகணும்." நானும் பக்கத்தில் நின்று கும்பிடுவேன்.

மாப்பிள்ளை, அந்த வீடியோவில் நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா தெரியாது. துஷாந்தினி பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் பேத்தி கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். பிஸ்கட் டின்னுக்குத்தான். கை எட்டவில்லை. மூன்று வயசில் எட்டவில்லை, நாலு வயசில் எட்டும். அவளுக்கு மேயில் நாலு வயசு. உங்கள் நெற்றியில் வைத்தவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். வேறு வேலை பாருங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. கங்காணி உத்தரவு போடுகிறான் என்று கோபிக்க வேண்டாம், உங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் ஐந்தாம் திகதி அந்தக் கடைக்குப் போங்கள், ஆனால் இரண்டாவதை வாங்க அல்ல, முதலாவதைத் திருப்பிக் கொடுக்க. கடிதம் போய்ச்சேர பதினைந்து நாள் என்கிறார் தபால்காரர். அதற்குள் கையில் கிடைத்துவிடும்.

துஷாந்தினிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். குளிருக்குப் பேத்தி காதை மூடிக் கட்டச் சொல்லுங்கள். மாமியார் மிளகாய்த்தூளும் ஒரு பக்கெட் தேயிலைத்தூளும் தனியாக அனுப்புகிறார், அது போன மாசத்துப் பங்கு. மூன்று பேரும் நூறு வருசம் நல்லா இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
தம்பையா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். மேலே யாரோ ஒரு படுபாவி என்று எழுதியிருக்கிறேன். பொலிசிலும் முதலில் அப்படிச் சொன்னவன் நான்தான். யாரோ இல்லை. பழைய தண்ணீர்க் குழாயில் அந்தத் துவக்கைச் செய்தது நான். கம்பி இழுத்ததும் நான். தினமும் விடியுமுன் போய்க் கம்பியை அவிழ்த்துவிடுவேன். அன்றைக்கு எழும்பப் பிந்திவிட்டது. பெரட்டுக்கு நேரமாகிறது, பிறகு அவிழ்க்கலாம் என்று போய்விட்டேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜீவராணி விளக்கு வைக்க முன்னால் சொல்லப் போகிறேன், பிறகு சார்ஜன்ட்டிடம் போவேன். இந்தப் பகுதியைத் துஷாந்தினிக்குப் படிக்க வேண்டாம் என்று எழுதத்தான் உறையைப் பிரித்தேன். இல்லை, படித்துக் காட்டுங்கள், எனக்கு அவளிடம் சொல்ல வாய் வராது. முப்பது நாளைக்கு ஒன்று என்றால் கொஞ்சமாகத்தான் தெரியும். நானும் ஒன்றுதான் கட்டினேன், மாப்பிள்ளை.